ஓப்பனிங் அக்காவும் இரண்டாம் பாகமும்

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை அவருக்கு. கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் வெறும் அக்கா. செஸ் கிளப்பில் மட்டும் ஓப்பனிங் அக்கா. ஆட்டத்தின் தொடக்கத்தைப் பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் வாங்கிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் தன் இணையப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் விமர்சனம் எழுதுவார். ஆட்டத்தின் நடுவும் முடிவும் வேறு கதை. முதல் பத்து நகர்த்தல்வரை அவர் எதிரில் உட்காரவே ஆட்கள் பயப்படுவார்கள். பதினோராவதிலிருந்து அவர்களுக்குத் தைரியம் வந்துவிடும்.

எந்தப் புத்தகத்தையும் சும்மா படித்துவிட்டு எழுத மாட்டார். அதில் சொன்னபடி கிளப்பில் ஒரு மாதம் ஆடிப் பார்த்து, வரிசையாகத் தோற்று, அதற்குப் பிறகுதான் எழுதுவார். "இந்த ஆசிரியர் கறுப்புக் காய் ஆடுகிறவர்கள்மேல் பரிதாபப்படுகிறார். வெள்ளை ஆடிய என்மேல் யார் பரிதாபப்படுவது?" என்று ஒன்றுக்கு எழுதினார். இன்னொன்றுக்கு, "பலகைப் படங்கள் இவ்வளவு பொடியாக இருந்தால் என் கடைக்கு நல்ல வியாபாரம். ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கிறேன்" என்றார். படிக்க ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது.

அந்தக் கூட்டமும் அவரும் வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தது ஒரு புத்தகத்துக்காக. இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுத் தாக்கப் போகிற துணிச்சலான தொடக்கம் ஒன்று உண்டு. தூர தேசத்து வயதான ஆட்டக்காரர் ஒருவர் அதைப் பற்றி எழுதிய முதல் பாகம், சண்டை சூடு பிடிக்கிற இடத்தில், 'மற்றவை இரண்டாம் பாகத்தில்' என்று முடிந்திருந்தது. "நெஞ்சுவலிக்காரரை ஏற்றிக்கொண்டு பறந்து வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போன டாக்ஸி" என்று அக்கா காய்ச்சி எடுத்திருந்தார்.

இரண்டாம் பாகம் இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு புத்தாண்டிலும் 'இந்த ஆண்டு எதிர்பார்ப்பவை' என்று அக்கா எழுதுவார். முதலிடம் எப்போதும் அதற்குத்தான். வீட்டிலும் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பரணைச் சுத்தம் பண்ணலாமா என்று பஸ் ஓட்டும் கணவர் கேட்டால், "ரெண்டாம் பாகம் வரட்டும்" என்பார் அக்கா. பல் டாக்டரிடம் போய்விட்டு வரச் சொன்னால் கணவரும் அதையே திருப்பிச் சொல்வார்.

கூடவே இருந்த நாத்தனாருக்குக் கூரியர் ஆபீசில் பார்சல்களை ஏரியாவாரியாகப் பிரித்துக் கொடுக்கிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, உட்கார்ந்திருக்கீங்களா, நின்னுட்டிருக்கீங்களா?"

"கஸ்டமர் முன்னாடி நிக்கிறேன். சொல்லு."

"அப்ப உட்காருங்க. தடியா, சதுரமா, வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டி ஒண்ணு வந்திருக்கு."

அக்கா உட்காரவில்லை. "அஞ்சே நிமிஷம் சார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு ஓடினார். பாவம், அந்த மனிதரின் கண்ணாடியில் ஒரு பக்கம்தான் லென்ஸ் இருந்தது. தெருமுனை திரும்பிய பிறகுதான், குட்டி ஸ்க்ரூடிரைவர் இன்னும் கையிலேயே இருப்பது அக்காவுக்குத் தெரிந்தது.

கவுன்டருக்குப் பின்னால் நாத்தனார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அடையாள அட்டை?" என்றாள்.

"அடியே, ஒரே வீட்டுல தூங்கி எழுந்திரிக்கிறோம்!"

"ஆபீஸ்ல யாரும் யாருக்கும் அண்ணி கிடையாது மேடம்" என்றவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டுப் பார்சலை நீட்டினாள். ஒட்டியிருந்த டேப்பை அந்த ஸ்க்ரூடிரைவராலேயே கிழித்தார்கள். புது மையின் வாசனை குப்பென்று வந்தது. முன்னுரையைப் புரட்டிய அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணி, பக்கம் எதுவும் காணோமா?"

அக்கா வாய்விட்டுப் படித்தார்: "முதல் பாகத்தைப் படித்த ஒருவர், நான் அவரை ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனதாக எழுதியிருந்தார். இந்தப் பாகம் அவரைக் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்புகிறேன்."

"அய்யோ, அது நீங்கதானே!" என்று நாத்தனார் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் விஷயம் தெரியாமலே கைதட்டினார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குத் திரும்பி, அந்த மனிதரின் இரண்டாவது லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி பொருத்திக் கொடுத்தார்.

இந்தத் தடவை ஒரு மாதம் பொறுக்க அவரால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் திறக்கும்போதே போய் நின்றார். எதிரில் உட்கார்ந்தவர் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியதாலோ என்னவோ, தன் வாயை லேசில் திறக்க மாட்டார். அக்கா சிப்பாயைத் தள்ளினார். டாக்டர் வெட்டினார். அக்கா குதிரையை எடுத்தார். டாக்டர் யோசிக்கவே இல்லை. பட்டென்று பதில் ஆடிக் கடிகாரத்தைத் தட்டினார். அக்காவும் தட்டினார். பத்து தாண்டியது, பதினைந்து தாண்டியது. சூடான எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி இரண்டு பேரும் படபடவென்று காய்களை வைத்துக்கொண்டே போனார்கள். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

இருபதாவது நகர்த்தலில் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நின்றன. அக்கா நிமிர்ந்து பார்த்தார். டாக்டரும் பார்த்தார்.

"உங்களுக்கும் வந்துடுச்சா?" என்றார் அக்கா.

"நேத்து" என்றார் டாக்டர்.

"முடிஞ்சுதா?"

"புத்தகத்துல இந்த வரிசை இதோட முடிஞ்சுது. 'வெள்ளை வசதியாக இருக்கிறது'ன்னு போட்டிருக்காரு."

"வசதியா? எனக்கு எந்தக் காயைத் தொடுறதுன்னே தெரியலையே டாக்டர்!"

முதலில் சிரித்தது டாக்டர்தான். அவர் இப்படிச் சிரித்து அந்தக் கிளப்பில் யாரும் பார்த்ததில்லை. தோள்கள் இரண்டும் குலுங்கின. அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். "ஷ்ஷ்" என்று அதட்ட வந்த நடுவரும், பலகையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அப்புறம் ஆடியதுதான் ஆட்டம். சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகமும் இல்லை. அக்கா ஒரு யானையைக் கோட்டை விட்டார். டாக்டர் அதைக் கவனிக்காமல் தன் ராணியைக் கோட்டை விட்டார். அந்தச் சந்தோஷத்தில் அக்கா தன் ராணியையும் பறிகொடுத்தார். கடைசியில் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் எதிரெதிரே நின்றார்கள். இவ்வளவு நீளமாக அக்கா ஆடியதே இல்லை. சமநிலை என்று கைகுலுக்கினார்கள்.

சாயங்காலம் விமர்சனம் எழுதினார். முன்னுரையில் வருவது தான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, டாக்டரோடு ஆடிய ஆட்டத்தையும் விவரித்து, புத்தகத்தை வாய் நிறையப் பாராட்டி, நான்கு நட்சத்திரம் போட்டார். எட்டிப் பார்த்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்காகவே எழுதியிருக்காரு மனுஷன். அவருக்கே ஒண்ணு குறைக்கிறீங்களே அண்ணி!"

"அஞ்சும் குடுத்தா யாருடி நம்புவா? அதோட, அந்த 'வசதி'ங்கிற வார்த்தைக்கு ஒண்ணு போச்சு."

மறுநாள் கடையில் போன் அடித்தது. கணவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார். பின்னால் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"ஏம்மா, நீ எழுதினதைப் படிச்சேன்."

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்கா எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. "நீங்களா? உங்களுக்கு என்னங்க புரிஞ்சுது?"

"ஆட்டம் ஒண்ணும் புரியலை. அந்தப் பல் டாக்டர் சிரிச்ச இடம் இருக்குல்ல..." என்று தொடங்கியவர், மேலே சொல்ல முடியாமல் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். பயணிகளில் யாரோ "வண்டியை எடுங்க சார்" என்று கத்துவது கேட்டது.