அந்தச் சொல் யாருக்குப் பொருந்தும்

பிரிண்டரிலிருந்து எடுத்த சூடு ஆறாத தாள்கள் அன்று என் கையில் இருந்தன. காரைக்கால் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், வக்கீல் சார் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மனு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் படித்துச் சொல்லக் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டதாகக் கடைசியில் ஒரு வரி வரும். யாரும் படித்துச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. பேனாவை நீட்டுவோம், போட்டுவிட்டுப் போவார்கள். பூவம் கிராமத்திலிருந்து வந்த அந்தப் பெண்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னாள். சாப்பாட்டு நேரம் வேறு. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவளுடைய கதை எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் இங்கே ஜாதகம்கூட ஓரமாகப் போய்விடும். பையனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். அம்மா அந்தப் பென்ஷனில் காரைக்காலிலேயே இருந்தார். கல்யாணம் முடிந்து பாரிசுக்குத் திரும்பியவன், பேப்பர் வரட்டும், கூட்டிக்கொள்கிறேன் என்றே காலத்தை ஓட்டினான். அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்க அப்பாவோடு வந்திருந்தாள். அப்பா நெல் விவசாயி. சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் சாருக்கு ஒரு பழக்கம். புருஷன் மேல் கேஸ் என்றால் மாமியாரையும் சேர்த்துவிடுவார். அப்போதுதான் அலறியடித்துக்கொண்டு சமாதானத்துக்கு வருவார்களாம். மகனும் தாயுமாக ‘டிசீட்’ செய்தார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தார். ஏமாற்றினார்கள் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தேன். அவள் விடவில்லை. தெரியாமல் தப்பாகச் சொல்வதும் அதில் வருமா என்று கேட்டாள். எத்தனை மனுவில் அடித்த வார்த்தை, நின்று யோசித்தது அன்றுதான். வராது என்றேன். உண்மை தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே மறைத்து எதிராளியை நம்பவைத்திருக்க வேண்டும். தெரியாதவர் மேல் போட்டால் நாம் எழுதுவதுதான் பொய் என்றேன்.

சுவரோரமிருந்து அப்பாவின் குரல் வந்தது. “அப்ப சம்பந்தியம்மாவ எடுத்துடுங்கம்மா. அவங்களுக்குத் தெரியாது.”

மகள் திரும்பினாள். “அத்தைக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

அந்த மனுஷர் மறைக்காமல் சொல்லிவிட்டார், பாவம். அங்கே ஒருத்தி இருக்கிறாள், அந்தக் கல்யாணம் சீக்கிரம் ரத்தாகிவிடும், அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை அவரிடம் சொல்லியிருக்கிறான். இவரும் நம்பி, மகள் பிரான்சுக்குப் போய்விட்டால் பேரன் பேத்தி வரைக்கும் கவலையில்லை என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அது நல்லதா, இது நல்லதா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. இப்போதெல்லாம் மனுவைப் படித்துச் சொல்லும்போது, கூட வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஏமாற்றியவர்கள் வரியில் தன் பெயரையும் போடச் சொன்னார் அப்பா. உள்ளேயிருந்து வந்த வக்கீல் சார் பதறினார். பெண் வீட்டுக்கே தெரியும் என்றால் கேஸ் படுத்துவிடும் என்றார். மகள், மாமியார் பெயரை எடுக்கச் சொன்னதோடு சரி. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புதிதாக எடுத்த தாளில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்த அப்பாவைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

கேஸில் அவளே ஜெயித்தாள். தீர்ப்பின் நகலை வாங்க அப்பா மட்டும் வந்தார். ஏமாற்றியதாகச் சொல்லும் அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். அதில் தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்றார். ஆறுதலாக இருக்குமென்று, எங்கேயும் இல்லை என்று சொன்னேன்.

தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: “இருந்திருக்கலாம்மா. திட்டுறதுக்காவது எங்கிட்ட பேசியிருப்பா.”