தவளை வண்டி

போன மாதம் கிணத்துக்கடவு தாண்டி ஒரு ரிசார்ட்டுக்குப் போயிருந்தோம். மகன் ஆசைப்பட்டான். அங்கே நாலு சக்கர பைக்குகள் வரிசையாக நின்றன. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிச் சேறு தயார் செய்து வைத்திருந்தார்கள். சேற்றைக்கூடத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, பாருங்கள். மகனுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டவர் என்னிடம், "அம்மா, நீங்க அப்படி ஓரமா நின்னுக்குங்க, சேலைல அடிச்சிரும்" என்றார். நானும் சமர்த்தாக ஓரமாக நின்றேன். ஈர மண்ணும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வந்தது. கூடவே தேங்காயெண்ணெய் வாசனையும் வந்த மாதிரி இருந்தது. அங்கே அதற்கு வழியே இல்லை. எனக்கு மட்டும்தான் அடித்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டுத் தோப்பு வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பது அம்மா சொல்வது. நான் பாட்டுக்கு வாரப்பத்திரிகை படித்துக்கொண்டும் மத்தியானம் தூங்கிக்கொண்டும் இருந்தேன். அவிநாசிப் பக்கம் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. தையில் முகூர்த்தம்.

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் மேனேஜராக இருந்த பெரியப்பா, வேலையை விட்டு இறங்கும்போது லாரியில் ஒரு வண்டியையும் ஏற்றி வந்தார். பைக் மாதிரி ஹேண்டில்பார், பைக் மாதிரி சீட், ஆனால் நாலு கொழுத்த டயர். ஊரில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தவளை வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் எங்கள் தேங்காய்க் களத்துக் கொட்டகையில் கோழிகள் அதன் மேல் அடைந்தன.

என் அண்ணன் செந்தில் அப்போது கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலையில் இருந்தான். மதுக்கரைப் பக்கம் ஒரு குளத்துக்குள் சேற்றில் வண்டி ஓட்டும் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தவளை வண்டியை எழுப்பிவிடுவது என்று முடிவு செய்தான். துணைக்கு, கூட வேலை பார்த்த ஆல்பர்ட்டை அழைத்து வந்தான். ஆல்பர்ட் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடேயே பொள்ளாச்சி பஸ் பிடித்து எங்கள் தோப்புக்கு வந்துவிடுவார். வந்ததும் சட்டையைக் கழற்றி மடித்துத் தென்னை மட்டை மேல் வைப்பார். அவ்வளவு பத்திரம்.

எஞ்சின் ஒரே வாரத்தில் உயிர் பிடித்துவிட்டது. சேற்றுக்குப் பழக்குவதுதான் பெரிய வேலை. காற்று இழுக்கிற வாய் சீட்டுக்கு அடியில் இருந்தது. தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் குடித்துவிடும். பம்புசெட் ஹோஸ் ஒரு துண்டு வெட்டி அதை ஹேண்டில்பார் உயரத்துக்கு ஏற்றினார்கள். பிளக்கைச் சுற்றி கிரீஸ் அப்பினார்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டார்கள். அப்போதுதான் அது பரந்து உட்கார்ந்து சேற்றைப் பிடிக்குமாம். மட்கார்டுக்கு அடியில் சேறு அப்பாமல் இருக்க என்ன செய்வது என்று இருவரும் யோசித்து நின்றபோது, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த நான் கிண்ணத்தை நீட்டினேன். வேடிக்கையாகத்தான் நீட்டினேன்.

"நல்லாத்தானுங்க இருக்கு ரோசனை" என்று ஆல்பர்ட் வாங்கிக்கொண்டார். அன்று முதல் நானும் அந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் தடவுவது என் பொறுப்பு. அம்மா மட்டும், "ஒரு மாசத்து எண்ணெய் எங்க போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் களத்தில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு விரல் குட்டை, பிரேக் எட்டவில்லை. நேராகப் போய்த் தேங்காய்க் குவியலில் முட்டி நின்றேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த வாரம் களத்துக்குப் போய்ப் பார்த்தால், பிரேக் பிடி வளைந்து கைப்பிடிக்கு நெருக்கமாக வந்திருந்தது.

"ஏன்டா, இத்தன கிட்ட இருந்தா நான் எப்படிடா புடிக்கிறது?" என்றான் அண்ணன்.

"பழகிக்கலாம் செந்திலு" என்றார் ஆல்பர்ட், என் பக்கம் திரும்பாமல்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். சொல்லித்தான் பார்க்கவில்லை, தனியாக இருக்கும்போதுகூட.

போட்டிக்கு முந்தின நாள், ஸ்டார்ட் பண்ணும் கயிறு சுண்டி இழுத்ததில் அண்ணனின் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. ஆல்பர்ட்டுக்குச் செய்யத் தெரியும், ஓட்ட வராது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"தலைக்கு ஹெல்மெட்டு, மூஞ்சிக்குச் சேறு. யாருக்கு அம்மணி தெரியப் போவுது?" என்றான் அண்ணன்.

அவன் பேண்ட்டைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனேன். ஐப்பசி மழை பெய்து விட்டிருந்தது. குளம் முழுக்கக் கருஞ்சேறு. நாலைந்து பைக்குகள், இரண்டு பழைய ஜீப்புகள், நான். முதல் சுற்றில் நன்றாகவே போனேன். ஜீப் ஒன்று அச்சு வரை புதைந்து நிற்க, அதைத் தாண்டிப் போன சந்தோஷத்தில் கத்தினேன் போலிருக்கிறது, வாய் நிறையச் சேறு. இரண்டாவது சுற்றில், ஆழமான இடத்தில், எஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், பேச்சே இல்லை. அழுகை வந்துவிட்டது.

கரையிலிருந்து ஆல்பர்ட் சேற்றுக்குள் ஓடி வந்தார், அந்த வெள்ளைச் சட்டையோடு. தொடையளவு சேற்றில் நின்று, "ஏனுங்க, அவசரப்படாதீங்க. நீங்க மொதல்ல மூச்சு உடுங்க. வண்டி தானா வரும்" என்றார். மூச்சு விட்டேன். இழுத்தேன். வந்தது.

கடைசிக்கு முந்தின ஆளாக முடித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் எதிரே அப்பா நிற்கிறார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. அப்பா துண்டை நீட்டி, "தொடச்சுக்க கண்ணு. பல்லெல்லாம் சேறு" என்றார். நான் துடைத்து முடித்ததும் துண்டை வாங்கிக்கொண்டு, "உங்கொம்மாகிட்ட தண்ணிக்குழில உழுந்துபோட்டேன்னு சொல்லிப்போடு" என்றார்.

சாயங்காலம் கிணற்றடியில் மூன்று பேரும் வண்டியைக் கழுவினோம். ஆல்பர்ட் சட்டையைப் பிழிந்து உதறினார். அது இனி வெள்ளையாகாது. "இன்னொரு மழை பெஞ்சா திருப்பிப் போலாமுங்க" என்றார். "போலாமுங்க" என்றேன் நானும்.

அந்த வருஷம் அதற்குப் பிறகு மழை பெய்யவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. ஆல்பர்ட் வந்து, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போனார். அப்புறம் மஸ்கட் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெரியப்பா போனதும் வண்டி இரும்புக்கடைக்குப் போனது. அப்பாவும் போய்விட்டார். குளத்தங்கரை வரை சைட் போட்டு வீடு கட்டிவிட்டார்கள். தோப்புக்குள் இப்போது சிமென்ட் ரோடு; எந்த மழைக்கும் செருப்பில் சேறு ஒட்டுவதில்லை.

போன வாரம் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, ஆல்பர்ட்டைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"எந்த ஆல்பர்ட்டு?" என்றான். சற்று யோசித்து, "ஓ, அவனா! தொடர்பே இல்ல அம்மணி, எத்தன வருசமாச்சு. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்" என்றேன்.