ஓட்டை பன்னும் மூன்று வகை முட்டையும்

1975 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். சிற்பம் பார்க்க அல்ல, முட்டை சாப்பிட. அங்கே ஒரு பாய் கடையில் நடுவில் ஓட்டை வைத்த பன் கிடைக்கிறது, மாவைத் தண்ணீரில் வேகவைத்துப் பிறகு சுடுகிறார்கள் என்று அலுவலக நண்பர் உசுப்பேற்றிவிட்டிருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்த பேகல் அது. எனக்கோ இருபத்தாறு வயது, நாக்குக்கு அடிமை.

எழும்பூரில் காலை 5.10 ரயில், 6.50க்குச் செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக 29 கிலோமீட்டர், பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. எட்டேகாலுக்கு இறங்கினேன். கடை வாசலில் பச்சைத் துணி தொங்கியது. மணல் வராமல் இருக்கக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இரண்டு வெள்ளைக்காரர்களும் கடைக்காரர் காசிம் பாயும்தான். பாய்க்கு என் அப்பா வயது இருக்கும்.

மூன்று வகையும் கேட்டேன். முதலில் ஆஃப் பாயில். பன்னை இரண்டாக அறுத்து, கல்லில் வெண்ணெய் போட்டு வாட்டி, மேலே முட்டை. மஞ்சள் கரு ஓட்டை வழியாகத் தட்டில் இறங்கும், அதைப் பன்னாலேயே துடைத்துச் சாப்பிட வேண்டும். அடுத்தது மிளகு தூவிய ஆம்லெட், பன்னுக்குள் மடித்து வைத்தது. பன் மேலே முறுகல், உள்ளே நல்ல அழுத்தம். சொர்க்கம்தான் போங்கள். கடைசியாக வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட பொடிமாஸ். வாயில் வைத்தேன், உப்பு கரித்தது.

பக்குவமாகச் சொல்லியிருந்தால் போதும். நான் கத்தினேன். "இத மனுஷன் திம்பானா? நீயே வாயில வச்சுப் பாரு!" ஸ்பூனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பாய் ஓரடி பின்னால் போனார். "என்னால முடியாது சார். குந்து, வேற போட்டுத் தரேன்."

திமிர் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் இதைப் பெருமையாக வேறு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார் நீ, நோன்பு மாசமாச்சே! அவுரு எச்சிகூட முழுங்கமாட்டாரு. பக்கத்துல சைக்கிள் கடைக்காரருதான் தெனம் உப்பு பாத்து சொல்லுவாரு. இன்னிக்கு அவுரு ஊர்ல இல்ல."

செருப்பால் அடித்தது போலிருந்தது. முந்தின சாயங்காலம்தான் திருவல்லிக்கேணியில் வரிசையில் நின்று நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்திருந்தேன். கஞ்சி ஞாபகம் இருந்தது, நோன்பு ஞாபகம் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. இறங்கித் திரும்பியிருக்கலாம், பதினாலு கிலோமீட்டர்தான். வெட்கத்தில் உட்கார்ந்தே இருந்தேன்.

நவம்பரில் மறுபடி போனேன், மன்னிப்பு கேட்கத்தான். நோன்பு முடிந்திருந்தது, நோன்புக்காரர்கள் கண்ணில் சாப்பாடு படாமல் இருக்கக் கட்டிய அந்தப் பச்சைத் துணி வாசலில் இல்லை. பாய் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நான் வாய் திறப்பதற்குள் பொடிமாஸ் போட ஆரம்பித்துவிட்டார். பன் மேல் வைக்கும் முன், என் கண்ணெதிரே ஒரு விள்ளல் எடுத்து மென்றார்.

"சரியா கீது சார். நம்பித் துன்னு."

சாப்பிட்டேன். "நல்லா இருக்கு பாய்" என்றேன். மன்னிப்பு கேட்காமலேயே காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கடை இப்போது இல்லை. வீட்டில் செய்தால் பன்னை வெண்ணெயில் நன்றாக வாட்டுங்கள், பொடிமாஸுக்கு உப்பைக் கடைசியில் போடுங்கள். வழியில் யாரிடமாவது தப்பாகப் பேசிவிட்டால், அடுத்த ஊரிலேயே இறங்கித் திரும்பிவிடுங்கள். காசிம் பாய் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். அந்த மன்னிப்பை நான் இனி யாரிடம் கேட்பது?