மலையம்மாள் விட்ட சேவல்

வண்டியூர் மலையம்மாள் எவரையும் மதித்துப் பேசியதற்குச் சான்று இல்லை. விடிவதற்குள் கீரைக்கட்டுகளைத் தலையில் ஏற்றி, ஆற்றோரமாகக் கோரிப்பாளையம் வரை நடந்து விற்றுத் திரும்பிய இருபத்திரண்டு ஆண்டுகளில், வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வைத்திருந்தாள். கட்டைப் பிரித்து ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்த ரயில்வே குமாஸ்தாவின் மனைவி ‘புழு டாக்டர்’. நேற்று வாங்கிய கீரை கசந்தது என்று இன்று முறையிடும் வாத்தியார் ‘நேத்துக்காரர்’. எதைக் கேட்டாலும் “அதுவும் சரிதான்” என்று மட்டுமே விடை தந்த கணவன் தவசிக்குச் ‘சரிதான்’ என்றே பெயர்.

இப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பணிந்து பேசினாள். 1980ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் வாய்க்கால் வரப்பு வழுக்கி, வலக்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்திய அன்று, தண்ணீர்ச் செம்போடு தவசி அருகில் நிற்க, பிறந்த வீட்டுச் சாமியான கருப்பை நோக்கிக் கையெடுத்துச் சொன்னாள்: “கருப்பா, இந்தக் காலு எந்திருச்சு நடந்துச்சுன்னா ஒனக்கு ஒரு சேவல் விடுறேன்.”

தை மாதம் கால் நடந்தது. மாசியில் அவளுடைய கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. அவற்றுள் செந்நிறக் குஞ்சு ஒன்றுக்கு மற்றவற்றை முந்திக்கொண்டு கொண்டை தெரிந்தது. “இது கருப்புக்கு” என்று மலையம்மாள் பேர் சொல்லிவிட்டாள்.

செய்தி அவளுடைய அண்ணன் நல்லகாமனை எட்டியது. நல்லகாமன் பூசாரியும் அல்லர், குறிசொல்லும் கோடாங்கியும் அல்லர். மில்லில் காவல் வேலை போனபிறகு, சாமி காரியங்களுக்கெல்லாம் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். சாத்திரம் எதையும் அவர் கற்றதில்லை. ஆனால் படையல் நடந்த இடத்தில் முதல் பந்தியைத் தவறவிட்டதுமில்லை.

“சாமிக்குன்னு பேர் சொல்லியாச்சுல்ல? இனி அது குப்பையக் கிண்டக் கூடாது, மலையி,” என்றார். “மண்ணுல விடாத. புழுப்பூச்சி திங்க விடாத. வீட்டுக்குள்ள சுத்தபத்தமா வையி. அரிசிக் குருணைதான் தீனி.”

அண்ணன் சொல்லை அவள் கேட்டது அதுவே முதல்முறை. காலைப் பற்றிய அச்சம் அப்படிக் கேட்க வைத்தது. உள்ளறைச் சிமெண்டுத் தரையில், கவிழ்த்த கூடைக்கடியில் அந்தக் குஞ்சு குருணை தின்று வளர்ந்தது. மற்ற எட்டும் எருக்குழியில் புரண்டு, ஈயைத் துரத்தி, கண்டதையும் தின்று கொழுத்தன. மூன்றே வாரத்தில் சாமியின் குஞ்சுக்குக் கால் தளர்ந்தது. விரல்கள் உள்நோக்கிச் சுருண்டன. கால்கள் இருபுறமும் வழுக்கி விரிந்தன. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு தண்ணீர்ச் சிரட்டையை நோக்கி நகரும். பாதி வழியில் தலை சாய்ந்துவிடும்.

நல்லகாமன் வந்து, குனியாமலே பார்த்தார். “ஊனக்கோழி சாமிக்கு ஆகாது. இதக் கொழம்பு வச்சிரு. வேற ஒண்ண விட்டுக்கிருவோம்.”

“இம்புட்டுக்காணு குஞ்சுல என்னண்ணே கொழம்பு? ஒம் பல்லிடுக்குல மாட்டிக்கிறதுக்கா?”

“வெளையாடாத. ஒங் கால் நோவத்தான் கருப்பு அதுக்கு எறக்கி வச்சிருக்காரு. இது செத்துச்சுன்னா நோவு திரும்ப ஒங் காலுக்கே வந்துரும், பாத்துக்க.”

“அப்பக் கொழம்பு வச்சா மட்டும் வராதா?”

“கொழம்பு வச்சா அது சாகுறதில்ல, மலையி. அது படையல்.”

இந்த ஞானத்தைக் கேட்டு அவள் சிரித்துத்தான் அனுப்பினாள். ஆனால் அவர் தெரு திரும்பியதும் வலக்காலை நீட்டி, முறிந்து கூடிய இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள். காலுக்கு ஏதேனும் நேர்ந்தால் கீரைக்கூடை மூலையில் கிடக்கும். ‘சரிதான்’ ஒருவனை நம்பி அடுப்பெரிய வேண்டும். அந்தக் குஞ்சு சாகக்கூடாது. வேறு வழியில்லை.

மறுநாள் அதை மடியில் முடிந்துகொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். கம்பவுண்டர் பால்பாண்டி சிரித்துவிட்டான்.

“என்னக்கா, மாட்டுக்கு வைத்தியம் பாக்குற எடத்துக்குப் பூ முடிஞ்சு வாரது மாதிரி கோழிக்குஞ்ச முடிஞ்சு வந்திருக்கீக?”

“ஒனக்குப் பாக்கத் தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லு.”

“எங்க போட்டு வளத்தீக?”

“வீட்டுக்குள்ள. கூடைக்குள்ள.”

“தீனி?”

“குருணை.”

“வெயிலு, மண்ணு, பச்சை ஏதாச்சும்?”

மலையம்மாள் குஞ்சை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஒங்களக் கூடைக்குள்ள போட்டு, மூணு வாரம் வெறுஞ்சோறு போட்டா நீங்க நடப்பீகளா? இதுக்கு மருந்து எங்கிட்ட இல்லக்கா. வெயில்ல விடுங்க. கறையானும் கீரையும் குடுங்க.”

ஊருக்கெல்லாம் கீரை விற்றவள், தன் வீட்டுக் குஞ்சுக்கு ஓர் இலை கிள்ளிப் போட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து வீடு சேர்வதற்குள் அவள் தனக்கே ஒரு பட்டம் வைத்துக்கொண்டாள். அது எழுத்தில் வைக்கத் தக்கதன்று.

அன்றே கூடையைத் தூக்கி எறிந்தாள். பழைய நூல் புடவையில் நாடா கிழித்து, கால்கள் விரியாதபடி இரண்டையும் இரு விரல் இடைவெளியில் பிணைத்தாள். சுருண்ட விரல்களைப் பிரித்து, தீப்பெட்டி அட்டையில் வைத்துக் கட்டினாள். வழுக்கும் சிமெண்டுக்குப் பதிலாக முற்றத்தில் ஆற்றுமணல் பரப்பி, இளவெயிலில் இருத்தினாள். உடைந்த கலயத்தில் சாணியும் வைக்கோலும் அடைத்து, நனைத்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கறையான் மொய்த்திருக்கும். அதை அதன் முன்னே உதறினாள். முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து போட்டாள். எட்டிக் குடிக்க இயலாத அலகுக்கு விரல்நுனியால் நீர் சொட்டினாள். இவ்வளவும் கொஞ்சிச் செய்ததாக நினைத்துவிடக் கூடாது.

“எந்திரிடா தொரை! வேளா வேளைக்கு வாய்க்குக் கொண்டாந்து ஊட்டுறதுக்கு நான் என்ன ஒனக்கு வாழ்க்கப்பட்டா வந்திருக்கேன்? எனக்கு ஒடஞ்சே போச்சு, நான் எந்திரிக்கல? ஒனக்குச் சும்மா வளஞ்சதுக்கு இம்புட்டு நடிப்பா?”

“அதுக்கு என்னா தெரியும், பாவம்,” என்றான் தவசி.

“ஒனக்கு மட்டும் என்னா தெரியும்? ஒனக்கு நான் சோறு போடல?”

“அதுவும் சரிதான்.”

ஒன்பதாம் நாள் குஞ்சு எழுந்து நின்று, மூக்குக் குப்புற விழுந்தது. பன்னிரண்டாம் நாள் மணலில் நான்கடி நடந்தது. பிறகு எருக்குழிக்கே போய் மற்றவற்றோடு சண்டையிட்டது. வலக்காலை மட்டும் சற்று வெளியே வீசி வைக்கும் நடை நிலைத்துவிட்டது. மலையம்மாளின் நடையும் அப்படித்தான் என்று தெருவே அறியும். அவளிடம் சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை.

ஆவணியில் கண்மாய்க்கரைக் கருப்பு கோயிலில் சாமி கும்பிடு. நல்லகாமன் இரண்டு மருமகன்களோடும், அரைத்த மசாலாவோடும், ஆறுபேருக்குக் காணும் ஈயச்சட்டியோடும் முன்கூட்டியே வந்து அடுப்புக்கல் போட்டுவிட்டார். சேவலின் ஊனம் இப்போது அவர் நினைவில் இல்லை. அதன் எடை ஒன்றே கண்ணில் பட்டது. பூசாரி மொக்கைச்சாமி அருவாளைக் கழுவி எடுத்தார்.

“பூசாரி, அருவாளத் தள்ளி வையி,” என்றாள் மலையம்மாள், சேவலை மார்போடு அணைத்தபடி. “நான் அறுக்குறேன்னு நேரல. விடுறேன்னுதான் நேந்தேன்.”

“அடியே!” நல்லகாமன் பதறினார். “நேந்து விடுறதுன்னா அறுக்குறதுதான்டி! ஊரு ஒலகத்துல எவளாச்சும் சேவலக் கொண்டாந்து காத்து வாங்க விட்டுட்டுப் போனாளா?”

“கோயில் மாடு விட்டீகளே, அத அறுத்தா தின்னீக?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. “நேந்தப்பக் கூட இருந்து கேட்டது யாரு?”

எல்லாரும் தவசியைப் பார்த்தார்கள். நல்லகாமனின் முகம் தெளிந்தது. “மாப்ள, நீங்களே சொல்லுங்க. அறுக்குறதுதான முறை?”

தவசி மசாலாச் சட்டியைப் பார்த்தான். மனைவியின் காலைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து எந்த இரண்டு சொல் வருமென்று சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும். மலையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“செம்பப் புடிச்சுக்கிட்டு நாந்தான் நின்னேன்,” என்றான் தவசி. “விடுறேன்னுதான் சொன்னா. அறுக்குறேங்கிற சொல்லு வரல.”

மொக்கைச்சாமி அருவாளைக் கீழே வைத்தார். “சாமிக்குச் சொன்ன சொல்லுதான் கணக்கு. அரைச்ச மசாலா கணக்கில்ல. எறக்கி விடு ஆத்தா.”

சேவல் இறங்கி, வலக்காலை வீசி வீசி, கருப்பின் குதிரைச் சிலையடிக்குப் போய் மண்ணைக் கிண்டத் தொடங்கியது.

“பாரு, ஊனக்காலு!” என்றார் நல்லகாமன்.

“அந்தக் கால வச்சு அது நடக்குதுண்ணே. ஒனக்கு ரெண்டும் நல்ல காலு. பந்திய விட்டா வேற எங்க நடந்திருக்க?”

அரைத்த மசாலா கத்தரிக்காயில் இறங்கியது. நல்லகாமன் அன்றும் முதல் பந்தியில்தான் உட்கார்ந்தார்.

அதன்பின் அமாவாசை தோறும் மலையம்மாள் அந்தக் கோயிலுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுபோனாள். யார் கேட்டாலும் கருப்புக்கு என்றாள். கருப்புக்குக் கீரை படைக்கும் வழக்கம் அங்கே அதற்கு முன் இருந்ததில்லை.

“சாமி கீரை திங்குமா?” என்று தவசி ஒருமுறை கேட்டான்.

“திங்காட்டி ஒனக்கென்ன?”

“அதுவும் சரிதான்,” என்றான் அவன்.