பஹ்மிதாவின் நீலப் பரல்

பஹ்மிதாவின் வீட்டில் நுளம்புக்குத் தனி மரியாதை. கலேவெலயில் மற்றவர்கள் வேப்பிலை புகைத்து அதை விரட்டிக்கொண்டிருக்க, இவள் முருங்கை மரத்தடியில் நீலப் பரல் ஒன்றை, பழைய பிளாஸ்டிக் பீப்பாயை, திறந்து வைத்து, தண்ணீரில் வைக்கோலை ஊறப்போட்டு, வந்து முட்டையிடுங்கள் என்று அழைத்தாள்.

எல்லாம் மீனுக்காக. பெரிய வெங்காயம் விலை விழுந்து காலை வாரிவிட்ட பிறகு, வாப்பாவின் வெங்காயக் கொட்டிலில் சீமெந்துத் தொட்டிகள் கட்டியிருந்தாள். அவற்றில் விட்டது நம் குளத்து ஓரங்களில் நீரின் மேல்மட்டத்திலேயே திரியும், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன். பச்சை நூல் கொத்தொன்றைத் தொங்கவிட்டால் அதில் முட்டை ஒட்டும். பிரித்தெடுக்கச் சுணங்கினால் பெற்றவையே தின்று தீர்த்துவிடும். விழுந்து எழும்பித்தான் முதல் கூட்டத்தை வளர்த்தாள். கண்டியில் அலங்கார மீன் விற்கும் மக்கீன், வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

நுளம்பு முட்டை பொரித்து வரும் புழுவான குடம்பியைத் தின்ற மீனில்தான் பொட்டு மின்னும். அதனால் காலைதோறும் தேத்தண்ணி வடியால் பரலிலிருந்து அள்ளித் தொட்டிகளில் போடுவாள்.

"டெங்கு வந்தா யாரு பாக்குற?" என்று கட்டாரிலிருந்து அவளுடைய அண்ணன் ஷிஹாம் நானா தினமும் பதறுவான்.

"பறக்க முந்தி மீன்ட வயித்துக்குள்ள போயிரும் நானா."

அந்த வாரம் மாத்தளையில் மாமி மகள் மச்சியின் கல்யாணம். அள்ளுவதற்கு ஆளில்லாமல் பரல் நிரம்பிக் கிடந்தது. பஹ்மிதா திரும்பி வந்த மறுநாள் காலை, நானாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே, டெங்குப் பரிசோதனைக்குச் சுகாதாரப் பரிசோதகர் ஜீவராஜ் சேர் ஆட்களோடு வந்து நின்றார். அவள் கைபேசியைத் தொட்டி விளிம்பில் சாத்தி வைத்துவிட்டு ஓடினாள்.

தொட்டிகளை எட்டிப் பார்த்தவர், "இவ்வளவு தண்ணியா? கொட்டுங்க," என்றார்.

"சேர், மீன் ஈக்கிது சேர்! ஒரு குடம்பி காட்டுங்க, நானே கொட்டுறேன்."

அவர் வெள்ளை அகப்பையால் தொட்டி தொட்டியாக அள்ளிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. பஹ்மிதாவுக்கு மூச்சு வந்தது. அப்போது முருங்கைப் பக்கமிருந்து ஓர் உதவியாளர் கத்தினார்: "சேர், இங்க கல்யாண வீட்டுச் சனம் மாதிரி நெளியுது!"

"நான் அப்பவே சொன்னேன்!" உம்மா தலையில் கை வைத்தார். "ஊரெல்லாம் விரட்டுற நுளம்புக்கு என்ட மகள் பாய் விரிக்கிறா!"

கைபேசியிலிருந்தும் குரல் வந்தது: "சேர், வழக்குப் போடுங்க சேர்! நான் சொன்னா கேக்குறாளே இல்ல!"

ஜீவராஜ் திடுக்கிட்டுத் தொட்டியைப் பார்த்தார். "யாருங்க அது?"

"நானா. கட்டார்ல."

வேலியோரம் கூடியிருந்த அயலவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வளக்குறேன்னு வச்சிருக்கீங்க. ரெண்டு நாள் போனா இந்தத் தெருவே ஆஸ்பத்திரில. தப்புத்தானே தங்கச்சி?"

"தப்புத்தான் சேர். பரலக் கவுத்துர்றேன். தொட்டிய மட்டும் விடுங்க. கவுக்க முந்தி ஒண்டு பாருங்க."

பரல் நீரைத் துணியில் வடித்து, திரண்ட குடம்பிகளைத் தொட்டிக்குள் உதறினாள். தண்ணீர் கொதித்தது போலிருந்தது. வெள்ளிப் பொட்டுகள் நாலாபக்கமிருந்தும் பாய்ந்தன. கண் மூடித் திறப்பதற்குள் தொட்டி துடைத்து வைத்தாற்போல் ஆனது.

ஜீவராஜ் குனிந்தபடியே நின்றார். "அடேங்கப்பா! என் ஆளுங்ககூட இவ்வளவு சுறுசுறுப்பில்ல." உதவியாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "தொட்டி இருக்கட்டும். தீனிக்கு எருக்குழியக் கிண்டுங்க, மண்புழு கெடைக்கும். பரல் மட்டும் இனிக் கண்ணுல படக்கூடாது." வாசல்வரை போனவர் திரும்பினார். "எங்க குவாட்டர்ஸ் தண்ணித் தொட்டிக்கு நாலு மீன் தருவீங்களா? காசுக்குத்தான்."

"அப்ப எங்களுக்கும்!" என்றது வேலி.

மாலையில் நானா மறுபடி அழைத்தான். "வழக்கா?"

"வழக்கில்ல நானா, மீனுக்கு ஓடர். மக்கீன் காக்காக்கு மிஞ்சுமாண்டுதான் யோசன."

"அந்தப் பரல்?"

பஹ்மிதா கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். முருங்கையடியில், கவிழ்த்த பரலின் மேல் மகாராணியைப் போல உட்கார்ந்து, உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.