நடு ஸ்பீக்கர்

எங்கள் அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதும் அரைகுறைதான். பாட்டும் சண்டையும் எப்படியோ எட்டிவிடும், பேச்சுதான் பிடிபடாது. படம் ஓடும்போது, "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். இதற்காக அம்மாமேல் அதிகம் எரிந்து விழுந்தவன் நான்தான், ஒளிப்பானேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கேட்பதை விட்டாள். பிறகு தியேட்டருக்கு வருவதையும் விட்டாள். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தாலும் பத்து நிமிடம் ஆட்களின் வாயைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகிற வழியில் நாங்கள் வீடு கட்டினோம். பின்கட்டு அறையைப் படம் பார்க்கிற அறையாக்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஆறு ஸ்பீக்கர் வைத்த செட்டுகள் அப்போதுதான் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தன. அதில் டிவிக்குக் கீழே வைக்கிற நடு ஸ்பீக்கர் ஒன்று உண்டு. இசையும் இரைச்சலும் மற்றவற்றுக்குப் பிரிந்து போய்விட, பேச்சு முக்கால்வாசி அந்த ஒன்றில்தான் வரும். அம்மா ஒரு படத்தையாவது யாரையும் கேட்காமல் பார்த்து முடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால், அந்த அறையில் பண்ட பாத்திரம் போட்டுவைக்க நினைத்திருந்த என் மனைவி, வயதுக்கு மீறிய ஆசை என்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கடையில் கொடுத்த விளக்கப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. நடுவில் சோபா, அதில் ஒரு ஆள், அவனைச் சுற்றி வட்டமாக ஸ்பீக்கர்கள். காதுக்கு நேர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பூச்சு வேலை முடியாத அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு விறைப்பாக உட்கார்ந்தேன். மனைவி என் காதுக்கும் தரைக்கும் டேப்பைப் பிடித்தாள். மூன்றே கால் அடி வந்தது. கட்டம் போட்ட தாளில் அதை வரைந்து, எந்தச் சுவரில் எந்த பைப், எங்கே வயர் வெளியே வர வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்தேன். எல்லா வயரும் சுவருக்குள் புதைய வேண்டும், ஒரு நூல்கூடக் கண்ணில் படக் கூடாது என்பது என் பிடிவாதம்.

வயரிங் வேலைக்கு வந்தவர் ஆயக்குடிக்காரர். கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டியே தலை நரைத்தவர். என் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரித்துப் பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் தரையில் வைக்கிற பெரியதைத் தவிர மற்ற ஐந்து ஸ்பீக்கருக்கும் ஏழடி உயரத்தில் சுவரை வெட்டி, பைப் பதித்து, கொத்தனாரை விட்டுப் பூசவும் வைத்திருந்தார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க, சத்தம் உசரத்துல இருந்தாத்தானுங்க நாலு பக்கமும் போகும்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

அவருக்குச் சத்தம் என்றால் பக்கத்து ஊர்க்காரனுக்கும் கேட்க வேண்டும். இது வீடு, வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிற இடமில்லை என்று கத்தினேன். கத்தி என்ன, ஈரப் பூச்சை உடைத்து எல்லாவற்றையும் இறக்க இன்னும் நான்கு நாள் ஆனது. நடு ஸ்பீக்கருக்குச் சிமென்டில் ஒரு மாடம் கட்டி, டேப்பை வைத்து மூன்று தடவை அளந்தேன். மனைவி சிமென்ட் தூசியைக் கூட்டிக்கொண்டே, பூசின சுவரைப் பெயர்க்கிற குடும்பத்தில் வாக்கப்பட்டுவிட்டேன் என்று சுவரிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடும் சண்டை. தலையால் தண்ணீர் குடித்துத்தான் அந்த அறையை முடித்தேன்.

பால் காய்ச்சிக் குடிபோன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் படம் போட்டேன். பேச்சுக்குப் பஞ்சமில்லாத குடும்பப் படமாகப் பார்த்து எடுத்து வந்திருந்தேன். அம்மா வந்தாள். கையில் பூண்டு முறம். நேராக இடது பக்கச் சுவரோரம் போய், சுவரில் இடது தோளைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

சோபாவில் நடுவில் உட்காரச் சொன்னேன். அது வந்தவர் போனவருக்கு, எனக்கு இங்கனதான் தோது என்றாள். கேளாத காது சுவர்ப் பக்கம், கேட்கிற காது அறைப் பக்கம். அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். அவள் மட்டுமா? மனைவி தலையணையோடு தரையில் சாய்ந்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால், நானும் பிறந்ததிலிருந்து டிவியை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாருமே உட்காராத உயரத்துக்கு மூன்று தடவை அளந்திருக்கிறேன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். புத்தகத்தில் இருந்தவனுக்காக என் வீட்டுச் சுவரை இரண்டு தடவை உடைத்திருக்கிறேன். வசனமெல்லாம் காலி சோபாவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

மறு வாரம் ஒரு ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று வயரிங்காரரை வரச் சொன்னேன். அம்மா எங்கே உட்காருகிறாள் என்பதை அவரிடம் புலம்பித் தீர்த்தேன். காது விஷயத்தையும் அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்று மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. விசேச வீட்டுல பொம்பளைங்க உக்கார்ற பக்கம் தனியா ஒரு பாக்ஸ் வெப்போமுங்க" என்றார் அவர்.

நான் பதில் சொல்வதற்குள் மாடத்திலிருந்த நடு ஸ்பீக்கரை உருவினார். பையிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக முறுக்கிய மைக் செட் வயரை எடுத்துச் சுவரோரமாக இழுத்து, அங்கங்கே ஆணி அடித்தார். அம்மா உட்காருகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு மணைப்பலகையின்மேல் ஸ்பீக்கரை வைத்துக் கேட்கிற காதைப் பார்த்துத் திருப்பினார். புதுச் சுவரில் அந்த வயர் பல்லை இளித்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கீழே விழுந்த ஆணிகளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை முதலிலிருந்து போட்டேன். அம்மா பூண்டு உரித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதிப் படத்தில் மனைவி உலையைப் பார்க்க எழுந்து போனாள். நான் திரையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூண்டு உரிக்கிற கை நின்றிருந்தது. கேட்கிறதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. மனைவி திரும்பி வந்து, என்ன நடந்தது என்று பொதுவாகக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"வா, இங்கன உக்காரு, நான் சொல்றேன். தம்பிக்காரன் நெசத்த ஒத்துக்கிட்டான். 'அண்ணி, அந்த லெட்டரக் கிழிச்சது நாந்தான், அண்ணன வையாதீங்க'ன்னான். இம்புட்டு நாளும் மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கான் பாரு."

அதோடு விடவில்லை. அண்ணி என்ன சொன்னாள், அதற்கு மாமனார் குறுக்கே என்ன சொன்னார் என்று ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரலில் திரையில் ஓடுகிற பேச்சு ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. செத்த நேரம் சும்மா இரும்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தேன்.