துறந்தவரின் டர்ன்டேபிள்

எங்கள் வீட்டு டர்ன்டேபிள் ஒரு துறவி கொடுத்தது. வெள்ளைக்காரர், காவி வேட்டி, அடி அண்ணாமலையில் வாடகைக்கு ஒற்றை அறை. மலையைப் பார்க்க வந்தவர் தங்கிவிட்டார். இந்த டர்ன்டேபிளைத் தன் நாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஃபிரிட்ஜ் வீட்டுக்காரருக்கு, மோட்டார் சைக்கிள் டீக்கடைக்காரருக்கு, இசைத்தட்டு கேட்கிறவன் என்பதால் டர்ன்டேபிள் எனக்கு.

கொடுத்த பிறகு அதைப் பார்க்க வாரம் தவறாமல் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாட்டுக் கேட்க உட்கார மாட்டார். மூடியின் மேல் விரலை ஓட்டித் தூசி பார்ப்பார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்து, தட்டு சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார். ரசமட்டத்தை அவர் துறக்கவில்லை.

போன வருடம் ஊசியைத் தாங்கும் கை ஆட்டம் கண்டது. தட்டு முடியப்போகும் நேரத்தில் ஊசி குறுக்கே வழுக்கி ஓடிவிடும். எந்தக் கச்சேரியும் எங்கள் வீட்டில் முடியவில்லை. சென்னையில் பழுது பார்ப்பவர் போனில் இரண்டு வழி சொன்னார். இன்னும் உயர்ந்த ரகக் கை ஒன்றை வாங்கிப் பொருத்தலாம், அல்லது இதை விற்றுவிட்டுப் புதிதாகவே வாங்கலாம். எது நல்லது என்று சாமியிடம் கேட்டேன். அவர் தமிழ் கற்றது ஆட்டோ ஓட்டுநர்களிடம்.

“கைய மாத்தினா இது வேற மிஷின் சார். வேணாம்.”

“அப்ப வித்துடறேன்.”

“யாருக்கு? வாங்கறவன் பக்கத்துல ஊதுபத்தி கொளுத்துவான். சாம்பல் உழும். வேணாம்.”

காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்: “சாமி, இது உங்க பொருளா, எங்க பொருளா?”

“யார் பொருளும் இல்லம்மா. ஆனா கைய மாத்தாதீங்க.”

“அப்ப நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. நாங்க புதுசு வாங்கிக்கிறோம்.”

அவர் முகம் சுருங்கியது. “எனக்குன்னு எதுவும் வெச்சுக்க மாட்டேம்மா.”

“உங்களுக்குன்னு யாரு சொன்னா? எங்க பொருள்தான். புதுசு வந்தா இங்க இடம் பத்தாது. உங்க ரூம்ல சும்மா வெக்கிறோம், அவ்ளோதான்.”

சாமி கண்ணை மூடி யோசித்தார். அந்த வாதத்தில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும். அகப்படவில்லை. ஆட்டோவில் டர்ன்டேபிளை மடியில் வைத்துக்கொண்டு போனார். எங்களுடைய பழைய ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் அதே நிபந்தனையில் கூடப் போயின. முதல் வேகத்தடையில் அவர் ஓட்டுநரைத் திட்டியது எங்கள் வாசலுக்குக் கேட்டது.

புதியது வந்து இறங்கிய பிறகு, ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனோம். ஒரு பாய், ஒரு குடம், கொடியில் மாற்று வேட்டி. மூலையில் டர்ன்டேபிள். அதில் பளபளவென்று புதுக் கை.

“கைய மாத்தவே கூடாதுன்னீங்களே சாமி!” என்றாள் மனைவி.

“அது என்னுதா இருந்தப்போம்மா,” என்றார். “இப்ப உங்களுது. அடுத்தவங்க பொருள ரிப்பேரா வெச்சிருக்கலாமா?”

நாங்கள் கொண்டுபோன தட்டை வைத்தார். ஊசி வழுக்கவில்லை. கச்சேரி மங்களம் வரை ஓடி முடிந்தது. எங்கள் வீட்டுப் புதியதைவிட நன்றாகவே இருந்தது. திருப்பிக் கொண்டுபோகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் தொடையைக் கிள்ளினாள்.